அச்சுக்கூடம் முதல் அலைபேசி வரை



ஆண்டு மலர் கைக்கு வந்ததும் நாம் முதலில் புரட்டுவது வரவு செலவுக் கணக்கை. அடுத்து, நிகழ்ச்சிப் படங்களில் நம் வீட்டுப் பிள்ளைகளின் முகத்தைத் தேடுவோம். கடைசிப் பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் உள்ள ஒரு வரியை மட்டும் எவரும் படிப்பதில்லை. வெளியிட்டவர் யார், அச்சிட்ட அச்சகம் எது, அது எந்த ஊரில் உள்ளது என்பதைத் தெரிவிக்கும் வரி அது. திருமண அழைப்பிதழானாலும் தேர்தல் சுவரொட்டியானாலும் அச்சகத்தின் பெயர் எங்கேனும் ஓர் ஓரத்தில் இருப்பதைக் காணலாம்.

அந்த வரிக்கு நீண்ட வரலாறு உண்டு. அச்சிட்ட ஒவ்வொரு தாளிலும் அச்சிட்டவர் பெயரும் இடமும் இருக்க வேண்டும் என்று 1867-ஆம் ஆண்டின் அச்சகங்கள், நூல்கள் பதிவுச் சட்டம் விதித்தது. அதற்கு முன்னும் பின்னும் இந்நாட்டில் எழுந்த பத்திரிகைச் சட்டங்கள், தந்திச் சட்டங்கள், வானொலிச் சட்டங்கள், இணையச் சட்டங்கள் அனைத்தையும் வரிசையாக நோக்கினால், அரசு மக்களிடம் இரண்டு கேள்விகளை மாறி மாறிக் கேட்டு வந்திருப்பது புலப்படும். "இதைச் சொன்னவர் யார்?" என்பது ஒன்று. "இதைச் சொல்ல அனுமதி பெற்றாயா?" என்பது மற்றொன்று. முதல் கேள்வி பொறுப்பைக் கேட்கிறது. இரண்டாவது கேள்வி வாயை அடைக்கிறது. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை நம் முன்னோர் பெரும் விலை கொடுத்துக் கற்றனர். அதனை இங்குச் சுருக்கமாகக் காண்போம்.

முதல் பத்திரிகையும் முதல் தடையும்

இந்தியாவின் முதல் அச்சுச் செய்தித்தாள் 1780 ஜனவரி 29 அன்று கல்கத்தாவில் வெளிவந்தது. அதை நடத்தியவர் ஜேம்ஸ் அகஸ்டஸ் ஹிக்கி என்னும் அயர்லாந்துக்காரர். கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸ் உள்ளிட்ட கம்பெனி அதிகாரிகளை அவர் ஏளனம் செய்து எழுதினார். அவ்வாண்டு நவம்பரிலேயே, அவருடைய இதழை அஞ்சல் வழியாக அனுப்புவதற்கு அரசு தடை விதித்தது. ஹிக்கி சிறை சென்றார். 1782-இல் அவருடைய அச்செழுத்துகள் பறிமுதல் செய்யப்பட்டன. எழுதுவதைத் தடுக்க இயலாவிடில், அது சென்று சேரும் பாதையை அடைத்துவிடலாம் என்ற உத்தி அன்றே பிறந்துவிட்டது என்பது குறிப்பிடத்தக்கது.

அடுத்து வந்தது 1799. மைசூரில் திப்பு சுல்தானுடன் நடந்த நான்காம் போரில் அம்மாவீரர் மே 4 அன்று வீழ்ந்தார். பிரெஞ்சுக்காரரைப் பற்றிய அச்சம் கம்பெனியை ஆட்டிவைத்த காலம் அது. அதே மே மாதத்தில் கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி பத்திரிகை விதிகளைப் பிறப்பித்தார். ஒவ்வோர் இதழும் அச்சிட்டவர் பெயரைத் தாங்க வேண்டும். ஆசிரியரும் உரிமையாளரும் தம் பெயரையும் முகவரியையும் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். அரசுச் செயலாளர் முன்கூட்டியே படித்துப் பார்க்காத எதையும் வெளியிடலாகாது. மீறினால் கப்பலேற்றி ஐரோப்பாவுக்கு அனுப்பப்படுவர். நாம் மேலே கூறிய இரண்டு கேள்விகளும் ஒரே ஆணையில் சேர்ந்து நின்றதை இங்குக் காண்கிறோம்.

ஹேஸ்டிங்ஸ் பிரபு 1818-இல் முன்தணிக்கையை நீக்கினார். எனினும் 1823-இல் தற்காலிக கவர்னர் ஜெனரலாக இருந்த ஜான் ஆடம், அரசின் உரிமம் இன்றிப் பத்திரிகை நடத்தலாகாது என்று விதித்தார். 'கல்கத்தா ஜர்னல்' ஆசிரியர் பக்கிங்ஹாம் நாடு கடத்தப்பட்டார். அப்போது 'மிராத்துல் அக்பார்' என்னும் பாரசீக வார இதழை நடத்தி வந்த ராஜா ராம்மோகன் ராய், உரிமத்துக்குக் கைகட்டி நிற்க மனமின்றித் தம் இதழையே நிறுத்திவிட்டார். நண்பர்களுடன் கையொப்பமிட்டு உச்ச நீதிமன்றத்தில் மனுக் கொடுத்தார். அது தள்ளப்படவே, இங்கிலாந்து மன்னருக்கும் முறையிட்டார். அதுவும் பலிக்கவில்லை.

ஆயினும் அவ்விதை வீண் போகவில்லை. 1835-இல் தற்காலிக கவர்னர் ஜெனரலாக வந்த சார்லஸ் மெட்காஃப், மெக்காலே வரைந்த புதிய சட்டத்தின் மூலம் உரிம முறையை ஒழித்தார். அச்சிடுவோரும் வெளியிடுவோரும் இன்ன இடத்தில் அச்சிடுகிறோம் என்று நீதிபதி முன் உறுதிமொழி அளித்தால் போதும் என்றாயிற்று. அதாவது, இரண்டாம் கேள்வி நீங்கி முதல் கேள்வி மட்டும் நின்றது. இதற்காக மெட்காஃப் கம்பெனி இயக்குநர்களின் அதிருப்திக்கு ஆளானார். கல்கத்தா மக்களோ நன்றிக்கடனாக அவர் பெயரில் ஒரு மண்டபமே எழுப்பினர்.

அச்சத்தில் பிறந்த சட்டங்கள்

1857-இன் எழுச்சி மீண்டும் அனைத்தையும் மாற்றியது. ஜூன் மாதத்தில் உரிம முறை ஓராண்டுக்குத் திரும்பி வந்தது. தில்லியில் உருது இதழ் நடத்திய மௌலவி முஹம்மது பாக்கர், நகரம் வீழ்ந்ததும் ஆங்கிலேயரால் கொல்லப்பட்டார். பத்திரிகைப் பணிக்காக உயிர் நீத்த முதல் இந்தியர்களுள் ஒருவர் அவர்.

1878-இல் லிட்டன் பிரபுவின் தாய்மொழிப் பத்திரிகைச் சட்டம் வந்தது. ஆங்கில இதழ்களுக்கு அது பொருந்தாது. இந்திய மொழிகளில் அச்சிடுவோருக்கு மட்டுமே. பிணைப்பத்திரம் எழுதித் தர வேண்டும். காப்புத்தொகை கட்ட வேண்டும். நீதிபதியின் முடிவே இறுதி, மேல்முறையீடு கிடையாது. ஒரே கருத்தை ஆங்கிலத்தில் எழுதினால் தப்பு இல்லை, வங்காளியிலோ உருதுவிலோ எழுதினால் தப்பு! எனவேதான் வங்காளத்தின் 'அமிர்த பஜார் பத்திரிகா' ஒரே வாரத்தில் தன்னை முழு ஆங்கில இதழாக மாற்றிக்கொண்டு அச்சட்டத்தின் பிடியிலிருந்து நழுவியது. நாடெங்கும் எழுந்த எதிர்ப்புக்குப் பின், ரிப்பன் பிரபு காலத்தில் 1882-இல் அச்சட்டம் நீக்கப்பட்டது.

தமிழகத்தின் அனுபவமும் இதனுடன் இணைந்ததே. 1908-இல் சென்னையில் வெளிவந்த 'இந்தியா' வார இதழின் மீது இராஜத் துரோக வழக்குத் தொடரப்பட்டது. எழுத்துக்குப் பின்னிருந்தவர் பாரதியார் என்பதை அனைவரும் அறிவர். ஆனால், பதிவில் பெயர் இருந்த எம். சீனிவாசன் என்பவரே தண்டிக்கப்பட்டார். பாரதியார் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்குச் சென்று இதழைத் தொடர்ந்தார். 1910-இல் அது பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் நுழையவே தடை விதிக்கப்பட்டது. ஹிக்கியின் இதழுக்கு அஞ்சலை அடைத்த அதே உத்தி 130 ஆண்டுகளுக்குப் பின்னும் உயிரோடிருந்தது. சிறிய எழுத்தில் உள்ள பெயர் எத்தகைய சுமையைத் தாங்கியிருக்கிறது என்பதற்கும் இதுவே சான்று.

காப்புத்தொகை என்னும் கயிறு

1910-இன் இந்தியப் பத்திரிகைச் சட்டம் முன்னவற்றினும் கடுமையானது. புதிதாக அச்சகம் தொடங்குவோர் 500 முதல் 2,000 ரூபாய் வரை காப்புத்தொகை கட்ட வேண்டும். ஏற்கெனவே நடத்துவோரிடம் 5,000 வரை கேட்கலாம். எழுதியது அரசுக்குப் பிடிக்காவிடில் தொகை பறிபோகும். மறுபடி தொடங்க 1,000 முதல் 10,000 வரை கட்ட வேண்டும். மீண்டும் தவறு கண்டால் அச்சகமே பறிபோகும். அன்றைய 2,000 ரூபாய் ஒரு சிறு அச்சகக்காரரின் வாழ்நாள் சேமிப்பு என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

மௌலானா அபுல் கலாம் ஆஸாத் 1912 ஜூலையில் கல்கத்தாவில் 'அல்ஹிலால்' என்னும் உருது வார இதழைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 23. அதன் செல்வாக்குப் பெருகவே 2,000 ரூபாய் காப்புத்தொகை கேட்கப்பட்டது. முதல் உலகப் போர் தொடங்கியதும் அத்தொகை பறிமுதலாயிற்று. 10,000 ரூபாய் கட்டுமாறு புதிய ஆணை வந்தது. 1914 நவம்பரில் 'அல்ஹிலால்' நின்றது. மௌலானா ஓய்ந்துவிடவில்லை. மறு ஆண்டு 'அல்பலாக்' என்ற வேறு பெயரில் இதழ் தொடங்கினார். இம்முறை அரசு இதழைத் தொடாமல் ஆசிரியரையே வங்காளத்தை விட்டு வெளியேற்றியது. ராஞ்சியில் 1919 முடியும் வரை அவர் காவலில் வைக்கப்பட்டார்.

மௌலானா முஹம்மது அலீ ஜவ்ஹரின் 'காம்ரேட்' ஆங்கில இதழுக்கும் இதே கதிதான். 1913-இல், பால்கன் போரில் துருக்கியர் பட்ட துயரைக் கூறும் ஒரு துண்டு வெளியீடு அரசால் பறிமுதல் செய்யப்பட்டது. முஹம்மது அலீ அதை எதிர்த்துக் கல்கத்தா உயர் நீதிமன்றம் சென்றார். தலைமை நீதிபதி லாரன்ஸ் ஜென்கின்ஸ், அச்சட்டத்தின் சொற்கள் அளவுகடந்து அகலமாக உள்ளன என்று கண்டித்தார். ஆனால், சட்டம் அவ்வாறு இருக்கையில் நீதிமன்றத்தால் உதவ இயலவில்லை என்றும் தீர்ப்பளித்தார். வழக்கில் தோற்றவர் முஹம்மது அலீயே. எனினும் அத்தீர்ப்பின் வரிகள் அச்சட்டத்தை எதிர்ப்போர் கையில் ஆயுதமாயின. சென்னையில் அன்னி பெசன்ட் அம்மையாரின் 'நியூ இந்தியா' 1916-இல் 2,000 ரூபாயை இழந்து, 10,000 கட்டி மீண்டும் வெளிவந்தது. சாப்ரு குழுவின் பரிந்துரைப்படி 1922-இல் அச்சட்டம் நீக்கப்பட்டது. ஆனால், 1931-இல் வேறு பெயரில் காப்புத்தொகை மீண்டும் தலைதூக்கியது.

தந்தியும் வானொலியும்

பத்திரிகைச் சட்டங்கள் வந்து வந்து போயின. 1885-இல் வந்த ஒரு சட்டமோ அசையாமல் நிலைத்தது. அதுவே இந்தியத் தந்திச் சட்டம். தந்தி அமைக்கும் முழு உரிமையும் அரசுக்கே என்றது அதன் நான்காம் பிரிவு. பொது நெருக்கடியிலோ பொதுப் பாதுகாப்புக்காகவோ தந்தியைத் தடுக்கவும் நிறுத்தவும் அறியவும் அரசுக்கு அதிகாரம் தந்தது ஐந்தாம் பிரிவு. கடிதங்களுக்கு அவ்வதிகாரத்தை 1898-இன் அஞ்சல் சட்டம் தந்தது.

வானொலி வந்தபோது அதுவும் கம்பியில்லாத் தந்தியே என்று அதே சட்டத்தின் குடையின் கீழ் வந்தது. 1924-இல் சென்னை மாகாண வானொலிக் கழகம் ஒலிபரப்பைத் தொடங்கியது. பணமுடையால் அது 1927-இல் நின்றது. பின்னர்ச் சென்னை மாநகராட்சி அக்கருவியைப் பெற்று 1930 முதல் ஒலிபரப்பியது. 1938-இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் திறக்கப்பட்டது. 1933-இன் சட்டப்படி, வானொலிப் பெட்டி வைத்திருக்கவே உரிமம் வேண்டும். ஆண்டுதோறும் அஞ்சலகம் சென்று பணம் கட்டிச் சிறு புத்தகத்தில் முத்திரை பெற்று வந்ததை நம்மில் மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள். 1980-களில்தான் அம்முறை ஒழிந்தது.

விடுதலைக்குப் பின்

அந்நியன் சென்றதும் இவையெல்லாம் மறைந்துவிட்டனவா? இல்லை. 1950 மார்ச்சில், பம்பாயிலிருந்து வெளிவந்த 'கிராஸ் ரோட்ஸ்' என்ற வார இதழ் சென்னை மாநிலத்துக்குள் நுழையக் கூடாதென்று சென்னை அரசு தடை விதித்தது. அதன் ஆசிரியர் ரமேஷ் தாப்பர் உச்ச நீதிமன்றம் சென்றார். கருத்தைச் சொல்லும் உரிமையில் அதைப் பரப்பும் உரிமையும் அடங்கும் என்று மே 26 அன்று நீதிமன்றம் தீர்ப்பளித்துத் தடையை நீக்கியது. ஹிக்கி காலத்துக் கேள்விக்குச் சட்டம் விடை கூற 170 ஆண்டுகள் ஆயின. எனினும் அடுத்த ஆண்டே அரசியலமைப்பு முதல் முறையாகத் திருத்தப்பட்டு, பொது ஒழுங்கின் பொருட்டு நியாயமான கட்டுப்பாடுகளை விதிக்கலாம் என்பது சேர்க்கப்பட்டது.

1975 ஜூன் 25 இரவு நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. தில்லியில் பத்திரிகை அலுவலகங்கள் நிறைந்த தெருவில் மின்சாரம் நிறுத்தப்பட்டது. வெல்லெஸ்லியின் முன்தணிக்கை சுதந்திர இந்தியாவில் திரும்பி வந்தது. ஜூன் 28 அன்று 'இந்தியன் எக்ஸ்பிரஸ்' தலையங்கம் இருக்க வேண்டிய இடத்தை வெற்றிடமாக விட்டு வெளிவந்தது. அந்த வெற்றிடம் சொன்ன செய்தியை எழுத்து சொல்லியிருக்க இயலாது.

பின் வந்த ஆண்டுகளில் நீதிமன்றம் சில வேலிகளை இட்டது. வானலைகள் பொதுச்சொத்து என்று 1995-இல் தீர்ப்பளித்தது. தொலைபேசியை ஒட்டுக்கேட்பதற்கு உள்துறைச் செயலாளரின் எழுத்து ஆணை வேண்டும், அதை மறுஆய்வு செய்யக் குழு வேண்டும் என்று 1996-இல் கூறியது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஏ பிரிவு, பிறருக்கு எரிச்சலூட்டும் இணையப் பதிவு என்று சொல்லியே கைது செய்ய இடமளித்தது. அதன் சொற்கள் வரம்பற்றவை என்று கூறி 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாததாக்கியது. நூறாண்டுக்கு முன் ஜென்கின்ஸ் கண்டித்தும் தடுக்க இயலாததை, அரசியலமைப்பின் துணையால் இந்நீதிமன்றம் தடுத்தது எனலாம்.

ஒரே மாதத்தில் இரண்டு நிகழ்வுகள்

2018 மே மாதம் நமக்கு ஒரு பாடமாகும். அம்மாதத் தொடக்கத்தில், குழந்தை கடத்துவோர் ஊருக்குள் வந்துவிட்டனர் என்ற பெயரில்லாச் செய்தி அலைபேசிகளில் பரவியது. திருவண்ணாமலை மாவட்டத்தில், குடும்பத்தாருடன் கோயிலுக்குச் சென்ற ஒரு மூதாட்டி, பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்ததைக் கண்டு ஐயுற்ற கூட்டத்தால் அடித்துக் கொல்லப்பட்டார். அச்செய்தியை எழுதியவர் யார் என்று கேட்டால் விடை இல்லை, அனுப்பியவர்களோ ஆயிரக்கணக்கானோர்.

அம்மாதம் 22 அன்று தூத்துக்குடியில் போராட்டக்காரர் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. மறுநாள் முதல் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி ஆகிய மூன்று மாவட்டங்களில் இணையச் சேவை சில நாள்களுக்கு நிறுத்தப்பட்டது. வதந்தியைத் தடுப்பதே காரணம் எனப்பட்டது. ஆனால், தன் பிள்ளை பத்திரமாக இருக்கிறானா என்று அறிய விரும்பிய தாயின் செய்தியும் அதனுடன் சேர்ந்தே நின்றது. இதற்கு ஆதாரமாக இருந்த சட்டம் எது தெரியுமா? அதே 1885-இன் தந்திச் சட்டம்! இந்தியாவில் தந்திச் சேவை 2013 ஜூலையில் நிறுத்தப்பட்டுவிட்டது. தந்தி இறந்தது, தந்தியை நிறுத்தும் அதிகாரம் மட்டும் இறக்கவில்லை.

2019 ஆகஸ்டில் காஷ்மீரில் தொடர்புகள் துண்டிக்கப்பட்டதும் அச்சட்டத்தின் வழியே. அதிவேக இணையம் அங்கு முழுமையாகத் திரும்ப 2021 பிப்ரவரி ஆயிற்று. இடையில் 2020 ஜனவரி 10 அன்று உச்ச நீதிமன்றம், இத்தகைய ஆணைகள் பகிரங்கமாக வெளியிடப்பட வேண்டும், காலவரையின்றி நீடிக்கலாகாது, தேவைக்கு மிஞ்சியதாக இருத்தலாகாது என்று தெளிவுபடுத்தியது.

2023-இல் பழைய அடுக்கு முழுதும் மாற்றி எழுதப்பட்டது. 1867-இன் பதிவுச் சட்டம், 1885-இன் தந்திச் சட்டம், 1898-இன் அஞ்சல் சட்டம் ஆகிய மூன்றுக்கும் பதிலாகப் புதிய சட்டங்கள் நிறைவேறி, 2024-இல் நடைமுறைக்கு வரத் தொடங்கின. பெயர்கள் புதியவை. ஆயினும் செய்தியை நிறுத்தவும் இடைமறித்து அறியவும் உள்ள அதிகாரம் புதிய தொலைத்தொடர்புச் சட்டத்திலும் தொடர்கிறது.

நாம் செய்ய வேண்டியது

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறுவன மூன்று. ஒன்று, ஒரு நாள் அச்சத்தில் எழுதப்பட்ட சட்டம் நூறாண்டு வாழும். ஆகவே சட்டம் பிறக்கும்போதே கவனிக்க வேண்டும். இரண்டு, அகலமாக விரித்த வலையில் முதலில் சிக்குவோர் சிறிய அச்சகக்காரரும் தாய்மொழி இதழாளருமே. மூன்று, அந்த வலை தளர்ந்த வேளைகளிலெல்லாம் அதன் பின்னே தம் பெயரைச் சொல்லி, கையொப்பமிட்டு, வெளிப்படையாக எதிர்த்த ஒருவரேனும் இருந்தார். ராம்மோகன் ராயும் முஹம்மது அலீயும் ரமேஷ் தாப்பரும் மறைந்திருந்து எழுதியவர்கள் அல்லர்.

கையொப்பத்தின் மதிப்பை நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. நம் நிக்காஹ் தஃப்தரில் சாட்சிகளின் கையொப்பம் இன்றி ஒரு பக்கமும் நிறைவு பெறுவதில்லை. பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் செயலாளரின் கையொப்பமும் முத்திரையும் இல்லாத தாளை நாம் நம்புவதில்லை. அப்படிப்பட்ட நாம், பெயரும் ஊரும் அற்ற ஒரு செய்தியை அலைபேசியில் கண்டவுடன் ஐந்து குழுக்களுக்கு அனுப்பிவிடுவது எவ்வாறு முறையாகும்? அவ்வாறு அனுப்பும் ஒவ்வொரு முறையும், அனைவர் வாயையும் அடைக்க விரும்புவோர் கையில் நாமே ஒரு காரணத்தைக் கொடுக்கிறோம்.

ஆகவே, எழுதியவர் யார் என்று அறியாத செய்தியை நாம் பரப்பாதிருப்போம். நாம் எழுதுவதன் அடியில் நம் பெயரை இடுவோம். நம் பகுதியில் தொடர்பு நிறுத்தப்பட்டால், அதற்கான எழுத்து ஆணை எங்கே, காரணம் என்ன, எத்தனை நாள் என்று அமைதியாகவும் முறைப்படியும் கேட்போம். அவ்வாறு கேட்பதற்கு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு நமக்குத் துணை நிற்கிறது. "சொன்னவர் யார்?" என்ற கேள்விக்கு எப்போதும் தயங்காமல் விடை தருபவரே, "அனுமதி பெற்றாயா?" என்ற கேள்வியை நிமிர்ந்து நின்று மறுக்க முடியும்.

மலரைப் படித்து முடித்து மூடும் முன், கடைசிப் பக்கத்தின் அடியிலுள்ள அந்தச் சிறிய வரியையும் ஒருமுறை படித்துவிடுங்கள். இம்மலரில் உள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் யார் பொறுப்பு என்பதை அது சொல்லும்.